பாட்டில் சில்லும் புளித்தண்ணியும்

அன்புள்ள கயலுக்கு,

சமையல் மேடைக்கு நீ பார்த்து வைத்திருக்கும் பலகையின் படம் கிடைத்தது. பீர் பாட்டில் பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கிறது. எனக்கு நம் ஊர் வீட்டு மொசைக் தரைதான் ஞாபகம் வந்தது. வேலையும் ஏறக்குறைய அதேதான், கண்ணு. நாங்கள் சிமென்ட்டில் மார்பிள் சில்லைக் கலந்து கொட்டி, இறுகியபின் மெஷின் வைத்துத் தேய்ப்போம். இந்தப் பலகை செய்பவர்கள் மார்பிள் சில்லுக்குப் பதில் உடைத்த பாட்டிலைப் போடுகிறார்கள். நீ இருக்கும் நியூஜெர்சிக்குப் பக்கத்திலேயே, ப்ரூக்ளின் நேவி யார்டில், ஐஸ்ஸ்டோன் நிறுவனம் 2003-இல் தொடங்கியது இந்த வேலையைத்தான்.

ஆனால் மார்பிள் சிமென்ட்டோடு ஒத்துப்போவதுபோலக் கண்ணாடி ஒத்துப்போகாது. சிமென்ட்டின் காரமும் கண்ணாடியின் சிலிக்காவும் சேர்ந்தால் ஒரு கூழ் உண்டாகும். அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, பலகையை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். கான்கிரீட்டில் இந்த நோயை 1940-இல் எழுதி வைத்தவர் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன். அனல்மின் நிலையச் சாம்பலோ, மெட்டாகயோலின் என்ற சுட்ட களிமண் தூளோ சேர்த்தால் அடங்கும். எனவே கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் கலவையைக் கேள்.

அடுத்தது புளி. உன் அம்மாவின் ரசம் அங்கேயும் கொதிக்கத்தானே போகிறது? புளிப்பு சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பை அரிக்கும், கண்ணாடியைத் தொடாது. கொஞ்ச நாளில் சிமென்ட் மங்கிச் சொரசொரக்க, சில்லுகள் மட்டும் மினுங்கும். விரலால் தடவினாலே தெரியும். எங்கள் வீட்டில் அம்மிக்குப் பக்கத்துத் தரை அப்படித்தான் வெளுத்தது. சீலர் பூசியிருக்கிறோம் என்பார்கள். அது கறை ஊறுவதைத் தள்ளிப்போடும், அரிப்பை முழுக்க நிறுத்தாது. ஒரு சாம்பிள் துண்டு வாங்கி, அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடு. பக்கத்தில் மஞ்சள் கரைத்த புளித்தண்ணி ஒரு கரண்டி. சிமென்ட் இல்லாமல் ரெசினில் வார்த்த பலகையும் உண்டு. அது எலுமிச்சைக்கு அசையாது. கொதிக்கும் கடாயை இறக்கி வைத்தால்தான் தடம் விழும்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்டாய். பாட்டிலை உருக்கி மறுபடி பாட்டிலாக்கலாம், எத்தனை முறை செய்தாலும் தரம் குறையாது. ஆகவே நல்ல பாட்டில் உலைக்கே போகட்டும். நிறம் கலந்து நொறுங்கி, உலைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கும் சில்லு மேடைக்கு வந்தால்தான் லாபம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமென்ட் செய்கிறார்கள், அந்தப் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டு லேமினேட் பலகை சிங்க் ஓரம் ஊறிப்போனதால் சரி என்கிறேன். உருப்படியான கிரானைட் கிடந்திருந்தால் கை வைக்காதே என்றிருப்பேன்.

காலையில் எலுமிச்சையை எடுத்துத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் துண்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் அனுப்பு. நேராக எடுத்தால் மங்கல் தெரியாது.

அன்புடன்,
மாமா