பழைய டிரக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றுவது எப்படி?

1980களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனையான செவ்ரொலே, ஜிஎம்சி பிக்கப் டிரக்குகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் உறுதியானது. ஆனால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஓர் உலோகப் பெட்டி இருக்கிறது. அது பழுதானால் அந்தப் பெரிய இயந்திரம் தடுமாறும், அல்லது கிளம்பவே கிளம்பாது. அதன் பெயர் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கூறு. பட்டறைகளில் சுருக்கமாக ‘இசிஎம்’ என்பார்கள்.

1987 முதல் இந்த டிரக்குகளில் கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தி வந்தது. இயந்திரத்தின் வெப்பநிலை, காற்று நுழையும் குழாயின் அழுத்தம், எண்ணெய் மிதியின் நிலை, புகையில் எஞ்சிய உயிர்வளி ஆகிய அளவுகள் உணரிகள் வழியாகப் பெட்டிக்குள் வருகின்றன. உயிர்வளி உணரி சுமார் 0.45 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்ரோல் அதிகம். கீழே காட்டினால் குறைவு. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை ஒட்டியே இருக்கும்படி, செலுத்தி எத்தனை மில்லிவினாடி திறக்க வேண்டும் என்பதைப் பெட்டி கணக்கிடுகிறது.

இயந்திரம் தடுமாறினால் உடனே பெட்டியின்மீது பழி போடுவது எளிது. ஆனால் கழற்றி எறியப்படும் பெட்டிகள் பலவற்றில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் துருப்பிடித்த ஒரு தரையிணைப்புக் கம்பிதான். உணரிகள் அனுப்பும் அளவுகள் 0 முதல் 5 வோல்ட் வரை மட்டுமே. தரையிணைப்பில் அரை வோல்ட் இழப்பு இருந்தால்கூட, சூடான இயந்திரத்தைக் குளிர்ந்தது எனப் பெட்டி எண்ணிவிடும். எனவே முதலில் வோல்ட்மீட்டர். பெட்டியின் தரை முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, மின்சாரம் ஓடும்போது, அளவு ஏறக்குறையப் பூச்சியமாக இருக்க வேண்டும். அடுத்தது ஒரு பழைய தந்திரம்: இயந்திரம் ஓடும்போது பெட்டியை விரலால் மெதுவாகத் தட்டுவார்கள். இயந்திரம் திக்கினால் உள்ளே ஏதோ ஓர் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். வெயிலிலும் குளிரிலும் ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கிய பற்று அது.

பெட்டிதான் பழுது என்று உறுதியானாலும் இன்னொரு கேள்வி பாக்கி: அது ஏன் பழுதானது? இங்கே ஓம் விதி உதவிக்கு வருகிறது. பெட்டி பல சிறு மின்காந்தச் சுருள்களை டிரான்சிஸ்டர் மூலம் இயக்குகிறது. எரிபொருள் செலுத்திகளைத் தவிர்த்து, இச்சுருள்களின் மின்தடை 20 ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஓடும் வண்டியில் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். 14ஐ 20ஆல் வகுத்தால் 0.7 ஆம்பியர். சுருளின் காப்பு எரிந்து மின்தடை 4 ஓமாகிவிட்டால் 3.5 ஆம்பியர் பாயும். ஐந்து மடங்கு! டிரான்சிஸ்டர் தாங்காது. சுருளை அளக்காமல் புதுப் பெட்டியைப் பொருத்துபவர் அன்று மாலையே இன்னொரு பெட்டி வாங்கும் நிலைக்கு வரலாம்.

இனி, பலர் சறுக்கும் இடம். கடையில் வாங்கும் மாற்றுப் பெட்டி பெரும்பாலும் முழுமையானதல்ல. 1227747 என்ற ஒரே எண்ணுடைய பெட்டியை 4.3 லிட்டர் வி6 இயந்திரத்துக்கும் 5.7 லிட்டர் வி8 இயந்திரத்துக்கும் அந்நிறுவனம் பயன்படுத்தியது. வன்பொருள் ஒன்றுதான், தரவு வேறு. எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணைகள் எல்லாம் ‘புரோம்’ எனப்படும் சிறு நினைவகச் சில்லில் இருக்கின்றன. அதன் கொள்ளளவு 4 கிலோபைட், அதாவது 4,096 பைட். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல் பல நூறு மடங்கு பெரியது. இந்தச் சில்லைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். அவசரகால எரிபொருள் கணக்கைத் தாங்கும் ‘கேல்பேக்’ என்ற துண்டையும் அப்படியே மாற்ற வேண்டும். பழைய பெட்டியைச் சில்லோடு கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தால், டிரக்கின் அடையாளத்தையே கொடுத்துவிட்டு வந்ததாகும்.

அந்தச் சில்லுக்கும் வயதாகிறது. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ரோம் வகையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நான்கு பக்கமும் காப்பிடப்பட்ட ஒரு மிதவை வாயில். அங்கே எலக்ட்ரான்களை அடைத்தால் 0, அடைக்காவிட்டால் 1. புற ஊதாக் கதிர் பட்டால் எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று வெளியேறிவிடும். அழிக்கும் முறையும் அதுதான். கதிர் படாவிட்டாலும் பல பத்தாண்டுகளில் மின்னூட்டம் மெல்லக் கசியலாம். அப்போது ஒரு 0 தானாக 1 ஆகிவிடும்.

பெட்டி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூட்டல்தான். 4, 9, 2, 7 என்ற எண்களின் கூட்டுத்தொகை 22. அதையும் சில்லில் எழுதி வைக்கிறார்கள். இரும எண்ணில் 0010 ஆக இருந்த 2, ஒரு பிட் கசிந்து 1010 ஆனால் 10 ஆகிவிடும், கூட்டுத்தொகை 30. பொருந்தவில்லை என்றவுடன் பெட்டி எச்சரிக்கை விளக்கை ஏற்றி, 51 என்ற பிழைக் குறியீட்டைப் பதிவு செய்கிறது. விவரமறிந்த உரிமையாளர்கள் சில்லு நலமாக இருக்கும்போதே அதன் தரவைக் கணினியில் நகலெடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

மாற்றும் வேலை சொல்லப்போனால் சிறியது. சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். மின்சாரம் ஓடும்போது இணைப்பியைப் பிடுங்கினால், சுருள்களில் எழும் மின்னழுத்தத் துள்ளல் புதுப் பெட்டியையும் கெடுக்கும். பிறகு, உடலில் தேங்கிய நிலைமின்னூட்டத்தை நீக்க வெற்று உலோகத்தைத் தொட வேண்டும். நிலைமின் அதிர்ச்சியை நாம் உணரவே சில ஆயிரம் வோல்ட் தேவை. சில்லு கெடுவதற்கு அதில் சிறு பகுதி போதும். நம் ஊரின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவு. அமெரிக்காவின் வறண்ட குளிர்காலத்தில் அதிகம். சில்லின் முனையிலுள்ள பள்ளம் எந்தத் திசையில் இருந்தது என்று குறித்துக்கொண்டே கழற்ற வேண்டும். தலைகீழாகப் பொருத்திச் சாவியைத் திருப்பினால் சில்லு அக்கணமே பாழ்.

பொருத்தியபின் சோதனை. டேஷ்போர்டுக்குக் கீழுள்ள சோதனை இணைப்பியில் ஏ, பி என்ற இரு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். எச்சரிக்கை விளக்கு ஒரு முறை மின்னி, சற்று நிறுத்தி, இரு முறை மின்னும். இது குறியீடு 12. மூன்று தடவை வரும். இயந்திரம் சுழலவில்லை என்பதைப் பெட்டி சரியாக உணர்கிறது, தன்னைத்தானே சோதிக்கவும் முடிகிறது என்று பொருள். 51 வந்தால் சில்லு சரியாக அமரவில்லை, அல்லது கால் ஒன்று மடங்கியிருக்கிறது.

12 மட்டும் வந்தால் துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பலாம். முதல் சில பயணங்களில் ஓட்டம் கொஞ்சம் சீரற்று இருக்கும். பழைய பெட்டி கற்றுவைத்திருந்த எரிபொருள் திருத்தங்கள் இதில் இல்லை. எல்லாம் 0 முதல் 255 வரையுள்ள அளவுகோலில் நடு எண்ணான 128இல் நிற்கின்றன. உயிர்வளி உணரி சொல்லச் சொல்ல, பெட்டி அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளும்.