கிராஃப் ஷீட்டைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள்

அன்புள்ள தம்பி,

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு பி.எஸ்சி. கணித வகுப்பு உங்களுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. நுண்கணிதத் தாளில் வளைவரை வரைதல் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். பரீட்சையில் அதிகம் வராது என்று இரண்டு வகுப்பில் முடித்துவிடச் சொல்வார்கள். முடித்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு வரைபடம் புதிதல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அது 8 மதிப்பெண் கேள்வி. அட்டவணை போடு, அளவுத்திட்டத்தை மூலையில் எழுது, புள்ளி வை, சேர். கணக்கென்றாலே பயப்படும் பிள்ளையும் இதில் மார்க் எடுத்துவிடும் என்பதால், தேர்வு நெருங்கும்போது ஆசிரியர்கள் இதையே திரும்பத் திரும்பப் போடவைப்பார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ பேரைக் கரையேற்றியது அந்த 8 மார்க்தான். ஆனால் அந்தப் பழக்கம் அப்படியே கல்லூரிக்கும் வந்துவிடுகிறது.

சந்தேகமிருந்தால் முதல் நாளே எக்ஸ் கியூப் மைனஸ் எக்ஸ் என்ற சார்பைக் கொடுத்துப் பாருங்கள். மைனஸ் ஒன்று, பூஜ்யம், ஒன்று ஆகிய மூன்று இடங்களிலும் விடை பூஜ்யம். பாதி வகுப்பு அந்த மூன்று புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து நேர்கோடாகச் சேர்த்துவிடும். அடுத்து சைன் π எக்ஸ் கொடுங்கள். முழு எண்களில் எல்லாம் அது பூஜ்யம். அட்டவணையை மட்டும் நம்பினால் அந்த அலை முழுக்க எக்ஸ் அச்சாகவே படுத்துவிடும்.

அன்றைக்கே கிராஃப் ஷீட்டை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். வெள்ளைத்தாள் போதும். அளவுத்திட்டம் வேண்டாம், அட்டவணை வேண்டாம். பென்சிலைத் தொடும் முன் வகுப்பைப் பேசவிடுங்கள். முதலில் கொடுத்த எக்ஸ் கியூப் மைனஸ் எக்ஸில், எக்ஸ் மிகப் பெரிதானால் எந்த உறுப்பின் கை ஓங்கும்? கியூப். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்? அங்கே கியூப் ஒன்றுமில்லாமல் போய்விடும், மைனஸ் எக்ஸ்தான் மிஞ்சும். ஆக வளைவரை நடுவில் இறங்குகிறது, வலக்கோடியில் ஏறுகிறது. இறங்கியது ஏற வேண்டுமென்றால் எங்கோ திரும்பித்தான் ஆகவேண்டும். ஒற்றைச் சார்பு என்பதால் இடப்பக்கம் இனாம். இவ்வளவையும் வகைக்கெழு எடுக்காமலே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். திரும்பும் இடம் எது என்று தெரியவேண்டும்போதுதான் வகைக்கெழு வரட்டும். ஒன்றின் கீழ் ரூட் மூன்று, ஏறக்குறைய 0.577. வகைக்கெழு எதற்கு என்று அவர்களுக்கு அப்போது யாரும் விளக்கவேண்டியிருக்காது.

பிறகு எக்ஸ் பிளஸ் ஒன் பை எக்ஸ். இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுங்கள். பூஜ்யத்தருகே ஒன் பை எக்ஸ் ஆள்கிறது, தூரத்தில் எக்ஸ் ஆள்கிறது. இரண்டும் சமமாகும் ஒன்றில் சிறுமம், மதிப்பு 2. இடப்பக்கம் மைனஸ் ஒன்றில் பெருமம், மதிப்பு மைனஸ் 2. ‘சார், பெருமத்தைவிடச் சிறுமம் பெரிசா இருக்கே, எங்கயோ தப்பு’ என்று ஒரு குரல் வரும். வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள், வகுப்பு சண்டை போடட்டும். இடஞ்சார்ந்த பெருமம் என்ற பெயரில் உள்ள ‘இடஞ்சார்ந்த’ எதற்கென்று அந்தச் சண்டையில்தான் புரியும். சாய்வான தொலைத்தொடுகோடும் இதே படத்தில் கிடைத்துவிடுகிறது.

பாடப்புத்தகம் சார்பகம், வெட்டுத்துண்டு, சமச்சீர், தொலைத்தொடுகோடு என்று வரிசையாகப் படிகள் தரும். படிகள் தவறில்லை. ஆனால் எல்லாச் சார்புக்கும் ஒரே வரிசையில் போனால் அது இன்னொரு அட்டவணை, அவ்வளவுதான். எதை முதலில் கேட்பது என்று சார்பைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இதில் கலை.

உங்கள் வகுப்பில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருபவர்களாக இருப்பார்கள். எண்ணூரிலிருந்து கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று பீச் ஸ்டேஷன் வரை, நேரத்துக்கு எதிராகத் தூரத்தை வரையச் சொல்லுங்கள். படிக்கட்டுபோல் முனை முனையாக வரைவார்கள். ‘வண்டி சட்டென்று நிற்குமா?’ என்று மட்டும் கேளுங்கள். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாய்வதை நினைத்துப் பார்த்து, முனைகளை அவர்களே மழுக்கிவிடுவார்கள். வகையிடத்தக்க சார்புக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வையுங்கள். ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் வண்டிகளின் ஓட்டத்தை இப்படி நேரம்–தூரக் கோடுகளாக வரைவதுதான் வழக்கம். கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு வண்டி இன்னொன்றைத் தாண்டுகிறது அல்லது எதிர்கொள்கிறது.

போனில் ஜியோஜீப்ரா வரைபடச் செயலி இருக்கும்போது கையால் எதற்கு என்று ஒருவன் கேட்பான். நியாயமான கேள்வி. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்றை எக்ஸ் மைனஸ் ஒன்றால் வகுத்து அதிலேயே போடச் சொல்லுங்கள். நேர்கோடு வரும். எக்ஸ் ஒன்றாகும் இடத்தில் இருக்கவேண்டிய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. போனைத் தடுக்க வேண்டாம், கையால் வரைந்த பிறகு திறக்கட்டும்.

வடசென்னையில் கணித விழா என்றால் இராமானுஜன் பேச்சு வராமல் இருக்காது. 1912இல் மதராஸ் துறைமுகக் கழகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார், அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். பெருமைதான். ஆனால் ஏற்கெனவே தன்னை மட்டமாக நினைக்கும் பிள்ளைக்கு அந்த மேதைமை தெம்பு கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியவர் பி.கே. சீனிவாசன். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். இராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் தொகுதிகளாகக் கொண்டுவந்தார், 1993இல் ராயபுரம் அவ்வை கலைக்கழகத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்தார். அதைவிட, பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுத்து, கண்டுபிடிப்பது அவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் அவர். ஒருநாள் மாணவர்களோடு ராயபுரம் போய் வாருங்கள்.

கடைசியாக மதிப்பெண். படத்தின் அழகுக்கு மார்க் போடாதீர்கள். கோணலாக வரைந்தாலும் ‘இங்கே ஏன் திரும்புகிறது?’ என்றால் பதில் சொல்கிறவனுக்கு முழு மார்க் போடுங்கள். தலைகீழாகவும் கேளுங்கள்: படத்தை நீங்கள் கொடுத்து, சார்பை அவர்கள் சொல்லட்டும். வகைக்கெழுவின் படத்தைக் கொடுத்து மூலச் சார்பை வரையச் சொல்லுங்கள், அதில்தான் கெட்டிக்காரர்களும் திணறுவார்கள். அகமதிப்பீட்டு மார்க் உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு தேர்வையாவது கரும்பலகையில், வாய்மொழியாக, இந்தப் பாடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார்