வேளா மீன்: வாள் ஏந்திய திருக்கை

மாணவர்களே! உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகளில் கெண்டையையும் விராலையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்தின் முன்னே ஒரு ரம்பத்தை நீட்டிக்கொண்டு, 6 மீட்டர் நீளத்துக்கும் வளரக்கூடிய மீனைப் பார்த்ததுண்டா? நம் மீனவர்கள் அதனை வேளா என்பர். ஒரு காலத்தில் தமிழகக் கடற்கரையில் பலரும் அறிந்திருந்த இம்மீன், இன்று வலையில் அகப்பட்டால் அதுவே செய்தியாகிவிடுகிறது. ஏன் இந்த நிலை? விடை அதன் உடலிலும் வாழிடத்திலும் இருக்கிறது.

சுறாவா, திருக்கையா?

உருவத்தில் வேளா சுறாவைப் போன்றது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வாயும் செவுள் பிளவுகளும் அடிப்புறத்தில் உள்ளன. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். ஆகவே வேளா, திருக்கை இனத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் எலும்பு கிடையாது. எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பே. உலகில் 5 வகை வேளாக்கள் உள்ளன. அவற்றுள் குறைந்தது 3 வகைகள் இந்தியக் கடல்களுக்கு உரியவை.

வாளின் வேலை

வாளின் இரு ஓரங்களிலும் உள்ள பற்கள் உண்மையான பற்கள் அல்ல. உருமாறிய செதில்களே ஆகும். அவற்றுள் ஒன்று வேரோடு விழுந்துவிட்டால், அவ்விடத்தில் மறுபடி முளைப்பதில்லை.

வாளின் தோலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. எந்த உயிரின் தசை இயங்கினாலும் மிக நுண்ணிய மின்புலம் உண்டாகும். அதனை இத்துளைகள் உணர்கின்றன. ஆகவே ஒன்றுமே தெரியாத கலங்கிய நீரிலும் வேளா இரையைக் கண்டுகொள்ளும். 2012-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, வேளா வாளை வீசி மீன்களை அடிப்பதையும், அடிபட்ட மீனைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதையும் காட்டியது. தேடும் கருவியும் தாக்கும் கருவியும் ஒன்றே!

ஆறும் கடலும் கூடும் இடம்

செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. பாலாறு வயலூருக்கு அருகே கடலை அடைகிறது. இப்படி நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடமே கழிமுகம். ஆழமற்ற சேற்றுத் தரை, இறால், சிறுமீன்கள், ஒதுங்க அலையாத்தி மரங்கள் ஆகியவை உள்ள கழிமுகங்கள் வேளாக் குஞ்சுகளுக்குத் தொட்டில் போன்றவை. பெரிய பல் வேளா என்னும் வகையின் குஞ்சுகள் ஆற்றில் நெடுந்தொலைவு ஏறி, நன்னீரிலேயே நான்கைந்து ஆண்டுகள் வளர்கின்றன. அணைகள் வழியை மறித்தாலும், ஆற்றுநீர் கடலுக்கு வராமல் நின்றாலும், அலையாத்திக் காடு அழிந்தாலும் தொட்டில் பறிபோகிறது.

குறைந்த பிள்ளைகள்

ரோகு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். வேளாவோ குட்டி போடும் மீன். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிகிறது. பெரிய பல் வேளா ஓர் ஈற்றில் 1 முதல் 13 குட்டிகள் வரை ஈனும். தாய்க்குக் காயம் படாதபடி, பிறக்கும் குட்டியின் வாளை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். சில நாட்களில் அது நீங்கிவிடும்.

சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது? அது வேளாவின் வாள் எனக் கொள்வதே பொருந்தும்.

வாளே பகையானது

சேற்றில் இரை தேட உதவிய அதே வாள், வலைக்கண்ணில் எளிதில் சிக்கிக்கொள்கிறது. தலையை ஆட்ட ஆட்டச் சிக்கல் இறுகும். குறைவாக ஈனும் மீனை நிறையப் பிடித்தால் என்ன ஆகும்? நிகராகுவா ஏரியில் 1970-களில் வேளாக்களைப் பெருமளவில் பிடித்தனர். சில ஆண்டுகளிலேயே அவை அருகிப்போயின. பிறகு அரசு தடை விதித்தும் பழைய நிலை திரும்பவில்லை.

இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளாக்கள் இடம்பெற்றுள்ளன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் தற்செயலாகச் சிக்கும் மீனைச் சட்டம் மட்டும் காப்பாற்றாது. வலையை அறுத்து, வாளை வெட்டாமல், மீனை உயிரோடு நீரில் விடும் மீனவரே அதனைக் காப்பாற்றுகிறார். வலைக்கு ஆகும் செலவை அவர் மட்டுமே தாங்க வேண்டுமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

அருங்காட்சியகத்தில் வேளாவின் வாளைக் கண்டால், ஒரு பக்கப் பற்களை எண்ணுங்கள். வாளின் அடிப்பகுதியில் கால் பங்கு பல்லில்லாமல் இருந்தால் அது கத்திப்பல் வேளா. அடியிலிருந்தே பற்கள் இருந்து, எண்ணிக்கை 14-க்கும் 22-க்கும் இடைப்பட்டால் பெரும்பாலும் பெரிய பல் வேளா. 25-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பச்சை வேளா. வாள் கிடைத்த ஊரையும் ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கழிமுகத்தில் எந்த வேளா வாழ்ந்தது என்று அறிய அத்தகைய குறிப்புகளே உதவுகின்றன.