தோப்பைப் பூவிலேயே விட்டுவிட்டால்…

கேள்வி: கல்வராயன் மலை அடிவாரத்தில், சங்கராபுரம் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் மாந்தோப்பு உள்ளது. பெங்களூரா, நீலம், கொஞ்சம் பங்கனப்பள்ளி. வருடாவருடம் பூவிலேயே குத்தகைக்கு விடுகிறேன். மரங்களை வெட்டி அல்போன்சா மேலொட்டுக் கட்டினால் ஏற்றுமதி செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: மரத்தை வெட்டாதீர்கள். முதலில் மாற வேண்டியது உங்கள் குத்தகை முறை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் மாம்பழம் விளைகிறது. புதுப்பழமாக வெளிநாடு போவது சில பத்தாயிரம் டன்தான். ருசிக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. மெக்சிகோ அமெரிக்காவுக்குப் பெருமளவில் அனுப்பிவந்த டாமி அட்கின்ஸ் நார் மிகுந்த, சுமாரான பழம். தடித்த தோலும், பல நாள் தாங்கும் குணமும், பூச்சி இல்லை என்று நிரூபிக்கும் ஏற்பாடும்தான் அதை விற்றன. நம்மைத் தடுத்தது பூச்சி. பழ ஈ காரணமாக 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தை நிறுத்தி, 2015-இல்தான் மீண்டும் அனுமதித்தது. 2007-இல் கதவு திறந்த அமெரிக்காவோ, பழத்துக்குக் குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு கொடுக்கச் சொன்னது.

அமெரிக்கர்கள் அஞ்சும் பூச்சிகளில் மாங்கொட்டைக் கூன்வண்டும் ஒன்று. பிஞ்சின் தோலில் அது முட்டையிடும். புழு துளைத்துக் கொட்டைக்குள் போனதும் வந்த வழி மூடிக்கொள்ளும். பழத்தை அறுக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அறுவடை முடிந்தபின் வண்டு பட்டை இடுக்குகளில் ஒளிந்து அடுத்த பூவுக்குக் காத்திருக்கும். ஒட்டுக் கட்டி ரகத்தை மாற்றினாலும் அடிமரம் அதேதான், தோப்பும் அதேதான். உதிர்ந்த பிஞ்சையும் கொட்டையையும் பொறுக்கி அழிப்பதும், பட்டை இடுக்கைச் சுத்தம் செய்வதும் வருடம் முழுக்க நடக்க வேண்டிய வேலை. பூவுக்கு வந்து காயோடு போகிற குத்தகைதாரர் அடுத்த வருட வண்டைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அவர் எந்த மருந்தை, அறுவடைக்கு எத்தனை நாள் முன் அடித்தார் என்பது உங்களுக்கே தெரியாது. ஏற்றுமதியாளர் கேட்கும் முதல் தாளே அந்த மருந்துக் கணக்குதான்.

குத்தகைப் பணம் முன்கூட்டியே வருகிறதே, காற்றும் ஆலங்கட்டியும் அவர் பாடு ஆகிறதே என்பீர்கள். நியாயம்தான். சிறு விவசாயிக்கு அது கடனும் காப்பீடும் சேர்ந்த ஏற்பாடு; முழுவதையும் கைவிடச் சொல்ல மாட்டேன். பெங்களூராவும் நீலமும் குத்தகையில் இருக்கட்டும். ஆனால் பெங்களூரா கூழ் ஆலைகளை நம்பிய பழம். ஆலைகள் வாங்கத் தயங்கினால் விலை எப்படிச் சரியும் என்பதை 2025-இல் கிருஷ்ணகிரியும் சித்தூரும் பார்த்தன. பங்கனப்பள்ளி மரங்களை மட்டும் உங்கள் கையில் வையுங்கள்.

அல்போன்சாவுக்கு விலை அதிகம் என்பது உண்மை. அந்த விலையில் பெரும்பங்கு கொங்கணக் கரையின் பெயருக்குக் கிடைப்பது. 2018-இல் புவிசார் குறியீடும் அந்தக் கரைக்கே போனது. பழுக்கும்போது சதை பஞ்சாகிப்போகும் கோளாறும் அந்த ரகத்துக்கு அதிகம். மேலொட்டு மரம் திரும்பக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானமும் இல்லை. மலைமேல் குளிர்ச்சியில் புதுத் தோப்பு போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வணிக மாந்தோப்புக்குச் சுமார் 600 மீட்டர் உயரம்தான் எல்லை. கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைப் பக்கம் அதற்கும் மேலே. உங்கள் அடிவாரம்தான் சரியான இடம்.

முதல் சந்தையாக அமெரிக்காவை நினைக்க வேண்டாம். வளைகுடாவும் சிங்கப்பூரும் கதிர்வீச்சு கேட்பதில்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. அங்குள்ள நம் மக்கள் பங்கனப்பள்ளியை நன்கு அறிவார்கள். ஒருவர் தோப்பால் தொடர்ந்து பழம் கொடுக்க முடியாது என்பதால் பக்கத்துத் தோப்புக்காரர்களோடு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து மத்திய அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபேடாவில் பதிவு செய்த ஏற்றுமதியாளரை அணுகுங்கள். இந்தப் பூவிலிருந்தே மருந்துக் குறிப்பேடு எழுதுங்கள், பழ ஈயைப் பிடிக்க மெத்தில் யூஜினால் பொறி கட்டுங்கள். அறுவடையில் கிளையை உலுக்காமல், காம்பு நீளமாக விட்டு வெட்டி, பிறகு காம்பைக் கிள்ளிக் காயைத் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிடுங்கள். தோலில் பால் பட்ட கறை ஒன்று போதும், அந்தக் காய் ஏற்றுமதிப் பெட்டிக்கு ஆகாது.