எண்காலியின் உமிழ்நீரும் நரம்பும்

உயிர்கள் ஆற்றும் அரிய செயல்களுக்கு வித்தாய் விளங்குவன பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள்களே. இவ்வுண்மையைக் கடல்வாழ் உயிராகிய எண்காலியிடம் தெளியக் காணலாம்.

எண்காலியைத் தமிழகக் கடற்கரை மக்கள் பேய்க்கணவாய் என்பர். அதன் உடலில் எலும்பில்லை; கைகள் எட்டு; இதயங்கள் மூன்று; குருதியோ நீலநிறம். அது விரும்பி உண்ணும் இரை நண்டு. நண்டிற்கு வன்மையான ஓடும், வெட்ட வல்ல கொடுக்கும் உண்டு. மெல்லுடல் படைத்த எண்காலி அதனை வெல்வது எவ்வாறு? நஞ்சு கலந்த உமிழ்நீரே அதன் படைக்கலம். அந்நீர் உட்சென்றதும் நண்டு செயலற்றுப் போகும்.

இந்நஞ்சைச் சுரப்பவை பின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் எனப்படும் இரண்டு சுரப்பிகளாகும். அவை எண்ணற்ற நுண்குழல்களால் ஆனவை. குழலின் உட்சுவரில் சுரப்பு உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்து தசை அமைந்துள்ளது. தசை சுருங்குங்கால் உமிழ்நீர் வாயை நோக்கிப் பாய்கிறது.

நஞ்சு முந்திப் பாய்ந்தால் வீணாகும். பிந்தினால் நண்டின் கொடுக்கு எண்காலியைப் புண்படுத்தும். ஆதலின் காலமறிந்து ஏவுதல் வேண்டும். அவ்வேவலைக் கொண்டு செல்வன நரம்புகள். அவை மிக மெல்லிய இழைகளின் கற்றைகள். நம் நரம்பிழைகள் பலவற்றிற்குள்ள கொழுப்புறை இவ்விழைகளுக்கு இல்லை. அவை சுரப்பியினுள் கிளைத்துச் சென்று முடிகின்றன.

அம்முடிவிடத்தின் நுட்பத்தை ஒளி நுண்பெருக்கியால் காண இயலாது. ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் சிறியவற்றை அது பிரித்துக் காட்டாது. 1931ஆம் ஆண்டு செருமனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதன்முதல் அமைத்த எலக்ட்ரான் நுண்பெருக்கி பின்னர்த் திருந்தி வளர்ந்து அக்குறையை நீக்கியது. நரம்பின் நுனியில் நுண்ணிய பைகள் பல செறிந்திருத்தல் அதனால் புலனாயிற்று. அப்பைகளில் செய்தி உரைக்கும் வேதிப்பொருள்கள் அடங்கியுள்ளன. ஏவல் வந்ததும் பைகள் திறக்கும். பொருள் வெளிப்பட்டு அடுத்த உயிரணுவைத் தூண்டும்.

இச்சுரப்பி மனிதர்க்கு அளித்த அறிவும் சிறிதன்று. இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதிலிருந்து ஒரு பொருளைக் கண்டறிந்து, எண்காலியின் ஆங்கிலப் பெயரையொட்டி 'ஆக்டோபமின்' எனப் பெயரிட்டார். மின்மினியின் ஒளியைத் தூண்டும் நரம்புச் செய்தியும் அப்பொருளே என்பது பிற்கால ஆய்வால் விளங்கிற்று. மக்கள் குடலிலும் மூளையிலும் பணிபுரியும் செரட்டோனின் என்னும் பொருளும் எண்காலியின் இச்சுரப்பியில் உண்டு.

கடலடியில் பதுங்கும் எண்காலி, இருளில் மிளிரும் மின்மினி, எண்ணும் ஆற்றல் படைத்த மனிதன் ஆகிய மூவரும் தோற்றத்தால் வேறுபட்டவர். எனினும் அவர்தம் உடலில் செய்தி செல்லும் முறை ஒன்றே. இழிந்த உயிர் என்று எதனையும் இகழாது, பொறுமையுடன் நுணுகி நோக்குவோர்க்கே இவ்வொருமை புலனாகும்.