ஜம்பூ சவாரி: பிள்ளைகளோடு பார்க்க ஒரு பாடம்

மைசூரில் குடியேறிய நம் குடும்பங்களில் பலர் விஜயதசமியன்று வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் எப்படிப் போவது, தொலைக்காட்சியில் இன்னும் நன்றாகத் தெரிகிறதே என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனாலும், இரண்டு சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாய் என்ற முறையில், கொஞ்சம் முன்னேற்பாடு செய்துகொண்டு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நம் பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரின் தலையாய விழா இது. அதைத் தெருவில் நின்று பார்த்த பிள்ளைக்கும் பெட்டியில் பார்த்த பிள்ளைக்கும் இந்த ஊரோடு உள்ள உறவில் வேறுபாடு இருக்கிறது. பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

விழா வந்த வழி

விஜயநகரப் பேரரசில் மகாநவமி பெரும் அரச விழாவாக நடந்தது. 1443-இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520-ஐ ஒட்டி வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸும் அதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1565-இல் விஜயநகரம் வீழ்ந்தது. 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட ராஜ உடையார் அவ்வாண்டே அங்கு தசராவைத் தொடங்கினார். 1799-இல் திப்பு சுல்தான் போரில் மடிந்தபின் தலைநகர் மைசூருக்கு மாறியது. விழாவும் உடன் வந்தது.

இப்போது நாம் காணும் அரண்மனை அவ்வளவு பழையதன்று. மரத்தாலான பழைய அரண்மனை 1897-இல் தீக்கிரையானது. புதிய அரண்மனையை ஹென்றி இர்வின் வடிவமைத்தார். 1912-இல் அது முடிந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள தேசியக் கலைக்கூடக் கட்டடமும் இவர் வடிவமைத்ததே. விடுமுறைக்குச் சென்னை போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

முற்காலத்தில் யானைமேல் அம்பாரியில் மகாராஜாவே அமர்ந்து பவனி வருவார். 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் அம்பாரியில் சாமுண்டீஸ்வரி அம்மனின் திருவுருவம் எழுந்தருளுகிறது. மன்னர் விழா மக்கள் விழாவான கதை இது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் நன்றாகவே புரியும்.

ஒத்திகையிலிருந்து தொடங்குங்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விழா நாளைவிட ஒத்திகை நாட்களே ஏற்றவை. விழாவுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே ஹுணசூர் வட்டத்து வீரனஹொசஹள்ளியிலிருந்து யானைகள் புறப்படும். மைசூர் வந்ததும் அவற்றை எடை மேடையில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள். எடை விவரம் செய்தித்தாளில் வரும். பிறகு காலையும் மாலையும் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை, சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரம், யானைகளுக்கு நடைப் பயிற்சி. கட்டணம் இல்லை, நெரிசலும் இல்லை. எங்கள் மூன்று வயது மகன் யானையை முதன்முதலில் பார்த்தது இப்படித்தான், என் இடுப்பில் இருந்தபடியே.

பயிற்சியில் முதுகில் மணல் மூட்டைகளை ஏற்றி, நாளாக நாளாகப் பாரத்தைக் கூட்டுவார்கள். ஏனென்றால் விழா நாளில் சுமக்க வேண்டிய அம்பாரி, மரச்சட்டத்தின்மேல் பொன் தகடு போர்த்தியது. அதன் எடை 750 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் முப்பது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் கண் விரியும். வெடியோசைக்கு யானை மிரளாதிருக்கப் பீரங்கிப் பயிற்சியும் உண்டு. விழா நாளில் 21 குண்டுகள் முழங்கும். யானைக்குப் பழக்குவதுபோல் நம் பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். சின்னக் குழந்தைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

அம்பாரி சுமந்த யானைகளின் பெயர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். துரோணன் பதினெட்டு முறை சுமந்தது. அதன்பின் பலராமன், 2012 முதல் 2019 வரை அர்ஜுனன், 2020 முதல் அபிமன்யு. ஓய்வு பெற்ற அர்ஜுனன் 2023 டிசம்பரில் சகலேஷ்பூர் அருகே காட்டு யானையைப் பிடிக்கும் பணியின்போது, அந்த யானை தாக்கி இறந்தது. ஊரே துக்கப்பட்டது. யானைகளை நடத்தும் பாகர்களில் பலர் ஜேனு குறுபர் என்னும் வனவாசி மக்கள். ஜேனு என்றால் தேன்.

ஊர்வல நாளில்

ஊர்வலம் பிற்பகலில் பஞ்சாங்க முகூர்த்தப்படி தொடங்கும். நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல் நாள் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் பலராம வாயிலில் முதலமைச்சர் நந்தி துவஜத்திற்குப் பூசை செய்வார். பிறகு சயாஜிராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபம் நோக்கி ஊர்வலம் நகரும்.

நாங்கள் முற்பகலிலேயே சயாஜிராவ் சாலை நடைபாதையில் ஜமுக்காளம் விரித்துவிடுவோம். புளியோதரை, தயிர்சாதம், இரண்டு குப்பித் தண்ணீர், ஒரு குடை. பிள்ளைகளின் சட்டைப்பையில் எங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு. தவறிப் போனால் எந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பதையும் காட்டி வைப்போம். பழைய கட்டடங்களின் மாடியிலும் கைப்பிடிச் சுவரிலும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதே சாலையில் உள்ள தேவராஜ சந்தையின் ஒரு பகுதி 2016-இல் இடிந்து விழுந்ததை மறக்க வேண்டாம்.

முன்னால் வருவது கொடி ஏந்திய நிஷானெ யானையும் முரசு சுமக்கும் நௌபத் யானையும். அடுத்து ஆட்டக் குழுக்கள். வயிற்றில் பெரிய மேளம் கட்டிக்கொண்டு குதிப்பது டொள்ளு குணித. தக்கன் வேள்வியை அழித்த வீரபத்திரரைப் பாடி ஆடுவது வீரகாசெ. கரடிமயிர்த் தொப்பியும் உடுக்கையுமாக வருவது கொரவர குணித. கையில் வெண்கலத் தாளத்தைச் சுழற்றி ஆடுவது கம்சாளெ. இது மலெ மகாதேஸ்வரர் அடியார்களின் ஆட்டம். மேட்டூர், ஈரோடு பக்கத்தவர்கள் மாதேஸ்வரன் மலை என்று சொல்லிக் காலங்காலமாகப் போய்வரும் அதே மலைதான். இவற்றிடையே மாவட்டத்துக்கொன்றாக அலங்கார ஊர்திகள் வரும். கடைசியில், இருபுறமும் இரண்டு பெண் யானைகள் துணை நடக்க, பொன் அம்பாரி வரும். இரவு பன்னிமண்டப மைதானத்தில் தீவட்டி அணிவகுப்பு நடக்கும். அது பெரிய பிள்ளைகளுக்கு. சின்னவர்கள் அதற்குள் தோளில் உறங்கியிருப்பார்கள்.

இந்தக் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாம். விழா பிறந்த அந்தச் சிற்றூரில் கிரங்கூர் பன்னிமண்டபத்திலிருந்து தனியாக ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. மைசூர் விழாவைவிடச் சிறியது, கைக்குழந்தைக்காரர்களுக்கு வசதியானது.

சொல் விளையாட்டு

ஊர்வலத்திற்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் சலித்துப் போவார்கள். அப்போது நான் கற்றுத்தரும் விளையாட்டு இது. நமது பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகியிருக்கிறது: பால், ஹாலு, பூ, ஹூவு, புலி, ஹுலி, புளி, ஹுளி. நமது வகரம் பல சொற்களில் அழுத்தமான பகரமாக ஒலிக்கிறது: வா, பா, வாழை, பாளெ, வில், பில்லு, வெள்ளி, பெள்ளி. இந்த இரண்டு விதியையும் சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் கேட்கும் சொற்களில் தமிழைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பன்னிமண்டபம் என்ற பெயரும் இப்படித்தான். பன்னி என்பது நம் வன்னி மரம். விராட நகருக்குள் நுழையுமுன் பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம். விஜயதசமியன்று மன்னர்கள் அந்த மரத்தைப் பூசிக்கச் சென்றதே இந்த ஊர்வலத்தின் மூலம். நம் ஊர்க் கோயில்களிலும் அன்று சுவாமி வன்னி மரத்தடிக்குச் சென்று அம்பு போடும் வழக்கம் உண்டல்லவா?

யாருடைய விழா?

சில ஆண்டுகளுக்கு முன் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மகள் குரலைத் தாழ்த்தி, “அம்மா, இங்கே தமிழ்ல பேசலாமா?” என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. காவிரிப் பிரச்சினையால் 1991 டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்தை நம் மூத்த குடும்பங்கள் மறக்கவில்லை. பெரியவர்கள் பேசுவது பிள்ளைகள் காதில் விழாமலா இருக்கும்? நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருந்த கன்னடத்துப் பாட்டி அவளை மடியில் இழுத்துக்கொண்டு, “நோடம்மா, நம்ம ஆனெ!” என்று கைகாட்டினார். ‘நம்ம’ என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றே. அதற்கு நான் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று வீடு திரும்பியபின் மகளுக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். 1881-இல் மைசூர் மக்கள் பிரதிநிதி சபையைத் தொடங்கி, தசராவையொட்டி அதைக் கூட்டிய திவான் ரங்காச்சார்லு செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் வீற்றிருந்து சாமுண்டீஸ்வரி மீது நூற்றெட்டுக் கீர்த்தனைகள் இயற்றிய முத்தையா பாகவதர் எங்கள் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர்க்காரர். விஜயநகர வழி வந்த நவராத்திரி விழாவை இராமநாதபுரம் சேதுபதிகளும் இராமலிங்க விலாசம் அரண்மனையில் இராஜராஜேஸ்வரிக்குச் சிறப்பாக நடத்தினார்கள். நான் பிறந்த உடன்குடிக்கு அருகே குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனுக்கு நடக்கும் விழாவை நாங்களும் ‘தசரா’ என்றே சொல்வோம். அங்கும் பத்தாம் நாள் இரவில் கடற்கரையில் மகிஷாசுரன்தான் வீழ்கிறான். நம் வீட்டுக் கொலு இங்கே கொம்பெ ஹப்பா. நம் மரப்பாச்சி இங்கே பட்டத கொம்பெ.

இன்னொன்றும் சொன்னேன். அம்பாரி யானைக்குத் துணையாகப் பல ஆண்டு நடந்த பெண் யானை ஒன்றின் பெயர் காவிரி. அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. அடுத்த ஆண்டு கூட்டத்தில் உரக்கவே தமிழில் கத்தினாள், “அதோ காவிரி!” என்று.

பிள்ளைகள் விடை எழுத

1. தசரா முதலில் எந்த ஊரில், எந்த ஆண்டில் தொடங்கியது?
2. இப்போது அம்பாரியில் எழுந்தருள்பவர் யார்? முன்பு அமர்ந்தவர் யார்? மாற்றம் ஏன் வந்தது?
3. பகரம் ஹகரமான சொற்கள் ஐந்தை எழுதுக. மேலே கொடுத்தவை கூடாது.
4. கம்சாளெ ஆட்டம் எந்த மலைக் கோயிலைச் சேர்ந்தது? உங்கள் உறவினரில் அங்கு போய்வந்தவர் உண்டா? கேட்டு எழுதுக.
5. உங்கள் பூர்வீக ஊரில் விஜயதசமியன்று என்ன செய்வார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதுக.

ஐந்தாம் கேள்விக்கு வரும் விடைகளைச் சங்கத்தில் சேர்த்தால் அடுத்த இதழில் வெளியிடலாம். கையெழுத்துப் பிழையாக இருந்தாலும் பெற்றோர் திருத்தாமல், பிள்ளைகள் எழுதியபடியே கொடுங்கள்.