உவர் நிலத்தில் வடிகால்: செலவா, வரவா?

மரக்காணம் உப்பளத்தில் நடப்பதை அனுமந்தைப் பகுதி உழவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் கட்டிய நீரை வெயில் கொண்டு போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. வடிகால் இல்லாத வயலிலும் இதுவேதான் நடைபெறுகிறது, மெதுவாக.

மின்கடத்தும் திறன் 1 டெசிசீமன் உள்ள கிணற்று நீரை நல்ல நீர் என்றே கொள்கிறோம். அதிலும் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு உண்டு. ஏக்கர் நெல்லுக்கு மொத்தம் 1 மீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் 40 லட்சம் லிட்டர். அதனுடன் வந்து சேரும் உப்பு சுமார் 2½ டன்! பயிர் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். மீதி வெளியேற வழி வேண்டாமா?

மண்ணின் நிறைசேற்றுச் சாற்றில் உவர்ப்பு 3 டெசிசீமன் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் சுமார் 12 சதம் மகசூல் குறையும். நிலக்கடலைக்கு 5-ஐத் தொட்டாலே பாதி மகசூல் போய்விடும். (மண்ணுடன் இரண்டரை மடங்கு நீர் கலந்து அளந்தால் எண் குறைவாகவே காட்டும். எம்முறையில் அளந்தது என்று ஆய்வகத்தில் கேட்டறியவும்.)

நெல் வயலில் 5 இருப்பின் இழப்பு 24 சதம். அதாவது ஏக்கரில் 24 சென்ட் நட்டும் நடாதது போல. சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். இரு பக்கமும் 1 மீட்டர் அகலத்தில் வடிகால் வெட்டினால் போகும் நிலம் 3 சென்ட்தான். இழப்பில் பாதியே மீண்டாலும் 12 சென்ட் விளைச்சல் கிடைக்கும். வெட்டுக்கூலி, ஆண்டுதோறும் தூர் எடுக்கும் கூலி இவற்றை இந்த வரவுடன் நெல் விலை போட்டு ஒப்பிட்டுக் கொள்ளவும்.

ஆடி, ஆவணியிலேயே 2 முதல் 3 அடி ஆழத்திற்கு வெட்டிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை காசில்லாத நன்னீர். வரப்பை உயர்த்தி அதைத் தேக்கி, மண்ணுக்குள் இறங்கி வடிகாலுக்கு வரச் செய்ய வேண்டும். மேலாக வழிந்தோடும் நீர் வேர்ப்பகுதி உப்பைக் கழுவாது. சிலர் உவருக்கும் ஜிப்சம் இடுகின்றனர்; வீண் செலவு. அது களர் நிலத்திற்கு உரியது, அங்கும் வடிகால் இன்றிப் பயனில்லை. உவர் தாங்கும் கோ 43, திருச்சி 1 போன்ற நெல் இரகங்கள் கைகொடுக்கும். ஆனால் அவை உப்பை வெளியேற்றா.

ஒருவர் மட்டும் வெட்டினால் அவர் உப்பு அடுத்தவர் வயலில் இறங்கும். எனவே கடைவாய் வரை பொதுவாக வெட்டி, செலவை ஏக்கர் வீதம் பகிர்வதே நியாயம். "என் நிலம் மேட்டில் இருக்கிறது" என்பவரும் தர வேண்டும். அவர் நீரும் அவ்வழியேதான் போகிறது. கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அதன் பக்கம் வெட்டுமுன் வனத்துறையைக் கேட்பது அவசியம்.

கடைவாயில் கடலேற்ற நீர் வடிகால் அடிமட்டத்திற்கு மேல் நின்றால், உப்புநீர் எதிர்த்து உள்ளே வரும். அங்கே மூடித் திறக்கும் பலகை மதகு இல்லாமல் வெட்டுவது நட்டமே. முதலில் கடைவாயில் அளவுக்கோல் ஒன்றை நட்டு, ஓர் அமாவாசையும் ஒரு பௌர்ணமியும் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு மண்வெட்டியை எடுக்கவும்.